ஈக்குக் கோபம் மூட்டிய மருந்து

மேடம்,

ஒரு மாத்திரை அட்டை பத்து நாளாக எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. ஒன்றுகூட உடைக்கவில்லை. கலா காலையில் அதை எடுத்து என் தட்டுக்கு அருகே வைத்துவிட்டு வேலைக்குப் போகிறாள். சாயங்காலம் வந்ததும் எடுத்துப் பழைய இடத்திலேயே வைக்கிறாள். அந்த அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உங்கள்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

இதை நான் எழுதவில்லை என்று உங்களுக்கே தெரியும். கலாதான் எழுதுகிறாள், என் மகள். ஒருநாள் எனக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உங்கள் அறையில் ஈச் சண்டை பார்த்துவிட்டுப் போனாளே, அவள். நான் சொல்லச் சொல்ல அவள் திருத்தி எழுதுகிறாள். "நீ பேசற மாதிரியே எழுதினா மேடத்துக்குக் கேவலமா இருக்கும்பா" என்கிறாள். நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது, இனி உங்களுக்கு என்ன கேவலம்? அந்தச் சாவுச் செய்தியும் எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் வந்தது. நம் லேபில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்த மேரி, பெங்களூர் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து, "உனுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். இருபத்தாறு வருஷம் உங்கள் ஆராய்ச்சி லேபில் ஈக்களுக்குச் சமைத்துப் போட்டவன் நான். எனக்கு ஒரு போன் செய்ய யாருக்கும் தோன்றவில்லை.

சரி, அது போகட்டும். மாத்திரைக்கு வருகிறேன்.

போன மாதம் ஒருநாள் காலையில் காபியில் சர்க்கரை இல்லை. "சுகர் ஏறியிருக்கு, போட மாட்டேன்" என்றாள் கலா. கையில் இருந்த எவர்சில்வர் டம்ளரை வீசினேன். அதன் விளிம்பு அவள் புருவத்துக்கு மேல் பட்டது. மூன்று தையல். சுவரைப் பார்த்து வீசினேன், அவள் குறுக்கே வந்துவிட்டாள் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன், பக்கத்து வீட்டில் சொன்னேன், தையல் போட்ட நர்ஸம்மாவிடமும் சொன்னேன். கலாவிடம் மட்டும், "என் மூளையில ஏதோ கெமிக்கல் சரியில்ல போலக்கீது, நான் இன்னா பண்றது" என்றேன். இது உங்கள் லேபில் கற்ற பேச்சு, மேடம். படிக்காதவன் வாயில் அது நன்றாகவே உட்கார்ந்துகொண்டது.

அவள் அதைப் பிடித்துக்கொண்டு என்னை டாக்டரிடம் கூட்டிப்போய்விட்டாள். சின்ன வயசு டாக்டர், கன்னடக்காரர். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மீதி எல்லாவற்றையும் கலாவிடமே பேசினார். மூளையில் செரோடோனின் என்று ஒரு ரசாயனம் உண்டு, இந்த மாத்திரை அதைக் கூட்டிவிடும், தாத்தாவுக்குக் கோபம் மெல்லத் தணியும் என்றார். நான் சும்மா சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தப் பெயர் எனக்குத் தெரியும். அதை ஏற்றுகிற பொடியை என் கையாலேயே கரைத்திருக்கிறேன்.

"டாக்டரே, அதைக் கூட்டினா கோபம் ஏறும். இறங்காது. நான் கண்ணால பாத்திருக்கேன்" என்று கன்னடத்தில் சொன்னேன்.

"எங்கே பாத்தீங்க?"

"ஈக்கிட்ட."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அஜ்ஜா, நீவேனு நொணானா?" என்றார். தாத்தா, நீங்கள் என்ன ஈயா என்று கேட்கிறார். கலாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தையல் இழுக்கும் என்று புருவத்தைக் கையால் அழுத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு பேரும் சிரித்து முடிக்கிற வரைக்கும் நான் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வரும்போது ஆஸ்டின் டவுன் பஸ்ஸில், மாத்திரை வேண்டாம் என்றேன்.

"வேணாம்னா? டம்ளர் வீசறதுக்கும் கெமிக்கல், மாத்திரை முழுங்காம இருக்கறதுக்கும் கெமிக்கலா? நல்லாக்கீதுப்பா உன் நியாயம்."

"அது சண்டையக் கூட்டும் கலா. உனுக்குத் தெரியாது."

"எனுக்கு ஒண்ணுதான் தெரியும். இன்னொரு வாட்டி கை ஓங்கின, ஒக்கலிபுரத்துல அண்ணன் வூட்டுக்குப் போயிடு. என்னால முடியாது."

முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒக்கலிபுரத்து மகன் என்னோடு பேசி ஆறு வருஷம் ஆகிறது. காரணமும் இதே கைதான். அங்கே எந்த முகத்தோடு போவேன்? அதனால் எனக்கு இப்போது இரண்டு பக்கமும் பயம். மாத்திரை போடாவிட்டால் கை மறுபடி எழும். போட்டால், நான் பார்த்தது நிஜமென்றால், இன்னும் சீக்கிரம் எழும். அடுத்த முறை டம்ளரோடு போகாது. இதைக் கேட்க ஒரே ஒரு ஆள் இருந்தீர்கள். நீங்களும் போய்விட்டீர்கள்.

அந்தச் சமையலறை எனக்கு இன்னும் அடுக்கு மாறாமல் நினைவிருக்கிறது. பெரிய அலுமினியக் குண்டானில் மக்காச்சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், கட்டியாக்குவதற்குக் கடல்பாசித் தூள். அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க ஒரு ஆசிட் ஊற்றினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு போகும். முதல் நாள் நீங்கள் வந்து எட்டிப் பார்த்து, "ஏழுமலை, கல்யாண வீட்டு வாசனை வருதே" என்றீர்கள். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ரெண்டு லட்சம் பேர் மேடம், எல்லாம் இறக்கை வச்சவங்க" என்றேன். அப்போதுதான் நீங்கள் முதன்முதலாக என் பெயரைச் சொன்னதும், நான் உங்களைச் சிரிக்க வைத்ததும்.

எனக்குப் படிக்கத் தெரியாது என்று உங்களுக்குத் தெரிய ஒரு வாரம் ஆயிற்று. நீங்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஒவ்வொரு வகை ஈக்கும் ஒரு நிறத்தில் டேப் ஒட்டினீர்கள். எனக்கு அந்த டேப்பும் தேவைப்படவில்லை. எந்தத் தட்டில், எந்த வரிசையில், எத்தனையாவது குழாயில் எந்த ஈ இருக்கிறது என்று கேட்டால் சொல்வேன். நீங்கள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து சரிபார்ப்பீர்கள். இரண்டு முறை நோட்டுத்தான் தப்பாக இருந்தது. அதற்காக ஒரு மாணவன் உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

சண்டையையும் நீங்கள்தான் கூப்பிட்டுக் காட்டினீர்கள். பொத்தான் அளவு வட்டத்தில் நடுவே ஒரு சொட்டுச் சாப்பாடு. இரண்டு ஆண் ஈ. கேமரா அதைப் பெரிதாக்கித் திரையில் காட்டும். ஒன்று இறக்கையைத் தூக்கி மிரட்டும், மற்றது பக்கவாட்டில் நகரும். திடீரென்று மேலே பாயும். சில சமயம் இரண்டும் பின்னங்காலில் எழுந்து நின்று முன்னங்காலால் குத்திக்கொள்ளும். "சிவாஜிநகர்ல ஆட்டோக்காரங்க மாதிரியே கீது மேடம்" என்றேன். "ஆட்டோக்காரர் தோத்தா நாளைக்கு மறுபடி வருவார். இது ஒரு தடவை தோத்துட்டா, அப்புறம் யாரைப் பாத்தாலும் ஒதுங்கிடும்" என்றீர்கள். அந்தத் தோற்ற ஈயை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டைச் சுற்றியே வரும். கிட்டே போகாது.

பிறகுதான் அந்தப் பொடி வந்தது. சிறிய பழுப்பு பாட்டில். "கொதிக்கறப்ப போடாதீங்க ஏழுமலை, ஆறினப்புறம் கலக்குங்க. சூட்டுல வீணாயிடும்" என்றீர்கள். பொடி கலந்த சாப்பாட்டைத் தின்ற ஈக்கும் கலக்காததைத் தின்றதுக்கும் வித்தியாசம் திரையில் தெரிந்தது. தின்றது விடாமல் பாய்ந்தது. ஒதுங்கிப் போகிறதையும் துரத்தியது. இன்னொரு வகை இருந்தது, வேறு ஏதோ ரசாயனம் மூளையில் ஊறாத வகை. அதைப் பிடித்துத் தள்ளினாலும் சண்டைக்கு வராது. மேரியும் நானும் அதற்குச் சாமியார் ஈ என்று பெயர் வைத்திருந்தோம். ஒரு பாட்டிலில் ரவுடி, ஒரு பாட்டிலில் சாமியார், இரண்டுக்கும் சமையல் ஒரே ஆள்.

இங்கேதான் எனக்கு உங்களோடு வழக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் லேபைப் பார்க்க வந்தால், "ஈயோட மூளையில இருக்கற இதே கெமிக்கல்தான் உங்க மூளையிலயும் இருக்கு" என்று கையைத் தட்டிச் சொல்வீர்கள். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கும். நானும் கதவோரம் நின்று கேட்டிருக்கிறேன். அதே நீங்கள், பேப்பர்காரர் ஒருவர் வந்து, அப்படியானால் ரவுடிகளை மருந்தால் திருத்தலாமா என்று கேட்டபோது, "ஈயோட கதைய மனுஷன் தலையில கட்டாதீங்க" என்று எரிந்து விழுந்தீர்கள். அதற்குப் பிறகு எங்களிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். எது மேடம் நிஜம்? ஒன்று என்றால் ஒன்று என்று சொல்லுங்கள், வேறு என்றால் வேறு என்று சொல்லுங்கள். இரண்டையும் சொல்லிவிட்டுப் போனால் நான் எதை வைத்துக்கொண்டு மாத்திரை முழுங்குவது?

ஒரு தடவை கேட்டேன். "மேடம், இந்தப் பொடிய மனுஷனுக்குக் குடுத்தா இன்னா ஆவும்?" நீங்கள் கண்ணாடியைக் கழற்றினீர்கள். "மனுஷங்கிட்ட இந்தச் சாமானைக் கூட்டினா பல பேருக்கு சாந்தம் வருது. ஈக்கு நேர் எதிர். ஏன்னா..." என்று ஆரம்பித்தீர்கள். போன் வந்தது. "நாளைக்குச் சொல்றேன்" என்று எழுந்து போனீர்கள். அந்த நாளை வரவேயில்லை. எனக்கு மறக்கவில்லை, எனக்குத்தான் எதுவும் மறக்காதே. கூச்சம். பெரிய மனுஷியிடம் போய், நேற்று விட்ட இடத்திலிருந்து சொல்லுங்கள் என்று சமையல்காரன் கேட்பதா என்று விட்டுவிட்டேன். அதற்கப்புறம் பதினோரு வருஷம் உங்கள் லேபில் இருந்தேன். தினமும் உங்கள் மேஜையைத் தாண்டித்தான் போனேன். இப்போது மண்டையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அந்த "ஏன்னா"வுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று சொல்ல யாருமில்லை. டாக்டரிடம் கேட்டால் நான் ஈயா என்கிறார்.

கலா இப்போது எழுதுவதை நிறுத்திவிட்டு, "அந்தக் குழாய் விஷயத்தச் சொல்லலயா?" என்று கேட்கிறாள். அதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

தனியாக வளர்த்த ஈதான் அதிகம் சண்டை போடும் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். கூட்டத்தில் வளர்ந்தது அவ்வளவு பாயாது. அதனால் நாற்பது குழாயில் குழாய்க்கு ஒரு ஈ என்று அடைத்து வைத்திருந்தீர்கள், உங்கள் மாணவியின் வேலைக்காக. நடுவில் யுகாதி லீவு வந்தது. நான் மட்டும் வந்து பார்த்தேன். சில குழாயில் சாப்பாடு காய்ந்து சுருங்கியிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒற்றை ஈ, கண்ணாடியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. தனிமைதானே அதைக் கெடுக்கிறது, நாலு பேரோடு இருந்தால் நல்லபடி ஆகிவிடும் என்று நினைத்தேன். புதுச் சாப்பாடு போட்ட பெரிய பாட்டிலில் நாற்பதையும் தட்டிச் சேர்த்துவிட்டேன். நோயைக் குணப்படுத்திவிட்டதாக எனக்கு நினைப்பு. அந்த நோயைப் பார்க்கத்தான் நீங்கள் அத்தனை நாள் காத்திருந்தீர்கள் என்பது என் புத்தியில் ஏறவில்லை.

திங்கட்கிழமை நானே வந்து சொன்னேன். பெருமையாகவே சொன்னேன். நீங்கள் அந்தக் காலிக் குழாய்களைத் தட்டோடு எடுத்துத் தரையில் அடித்தீர்கள். கண்ணாடித் துண்டுகள் அறை முழுக்கச் சிதறின. "படிக்காத ஆள் கையில குடுத்தேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்" என்றீர்கள். மாணவர்கள் எல்லாரும் நின்றார்கள். மேரி நின்றாள். அதுவரை நான் படிக்காதவன் என்று அந்த அறையில் யாரும் சொன்னதில்லை. துடைப்பத்தை எடுத்துவந்து கண்ணாடியைப் பெருக்கினேன். அன்று நீங்கள் இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் நானும் எதையாவது எடுத்து அடித்திருப்பேன்.

மறுநாள் அடுப்பு பற்ற வைக்கும் முன்னே நீங்கள் சமையலறை வாசலில் நின்றீர்கள்.

"ரெண்டு நாளாத் தூக்கமில்ல ஏழுமலை. மூளையில என்ன ஓடுதுன்னே தெரியல. எந்தக் கெமிக்கல்..."

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. "மேடம், மூளை மேல பழியப் போடாதீங்க. அது வந்து எனுக்குப் பதில் சொல்லாது" என்றேன்.

வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். நீங்கள் மேஜையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"ஆமா. நான்தான் சொன்னேன். தப்பு" என்றீர்கள்.

அவ்வளவுதான். நான் அடுப்பைப் பற்ற வைத்தேன். நீங்கள் உங்கள் அறைக்குப் போனீர்கள். அந்த மாணவி நாற்பது குழாயை மறுபடி நிரப்பினாள். இந்த முறை ஒவ்வொரு குழாய்க்கும் தினமும் நான் போய்க் காவல் நின்றேன்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் வீடும் அந்த ஒற்றை ஈக் குழாய் மாதிரிதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. கலாவும் மாப்பிள்ளையும் எட்டு மணிக்குக் கிளம்பினால் இருட்டின பிறகுதான் வருவார்கள். நான் சுவருக்கும் ஜன்னலுக்குமாக நடக்கிறேன். ஆனால் இதைக் காரணமாகச் சொன்னால் நீங்கள் மறுபடி எரிந்து விழுவீர்கள், ஈயின் கதையை என் தலையில் நானே கட்டிக்கொள்கிறேன் என்று. சொல்லவில்லை, விடுங்கள்.

கலாவோடு ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறேன். நீங்கள் எதையும் ஒரு தடவை பார்த்து நம்பினதில்லை. ஒரே சண்டையைப் பத்து ஜோடி ஈயை வைத்துப் பார்ப்பீர்கள், அதிலும் திருப்தி இல்லாமல் இன்னொரு பத்து என்பீர்கள். அதனால் இன்றைக்கு மாத்திரையை ஆரம்பிக்கிறேன். கலா காலண்டரில் குறிக்க வேண்டும். நான் சத்தம் போட்டால் ஒரு கோடு, பொருளைத் தூக்கினால் இரண்டு கோடு. கோடு கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்து, அதை எடுத்துக்கொண்டு போய் அந்த டாக்டர் முன்னால் வைக்க வேண்டும். அப்போதும் அவர் சிரித்தால், எனக்குப் பதில் சொல்கிற வரைக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

"எனுக்கு வேற வேலையில்ல பாரு, உன்ன வேடிக்கை பாத்துக் கோடு போட்டுனு கீறேன்" என்றாள். "நான் வீட்ல இல்லாதப்ப கத்தினா?"

"நானே சொல்றேன்."

"நீ சொல்லுவ."

"சொல்லுவேன் கலா. நான் எதையும் மறக்கற ஆளா?"

அவள் என்னையே பார்த்தாள். "அதான்பா நானும் யோசிச்சுனு கீறேன். மேடம் போட்டுனு இருந்த வளையல் வரைக்கும் உனுக்கு ஞாபகம் கீது. நான் அன்னிக்கு எங்க நின்னேன்னு மட்டும் ஞாபகம் இல்லயா?"

"எழுதிக்கோ" என்றேன். "மேடம், அன்று டம்ளரை வீசியது மூளையும் இல்லை, சர்க்கரையும் இல்லை, நான்தான் என்று எழுதிக்கோ."

அவள் எழுதவில்லை. பேனாவை மூடிக் கீழே வைத்தாள். "அத மேடத்துக்கு எதுக்குப்பா சொல்ற? எனுக்குச் சொல்லு."

உங்களுக்கு அன்று நாலு சொல் போதுமாக இருந்தது, மேடம். எனக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்கத் தேவைப்பட்டது. வாய் வரைக்கும் வரும், "ஆனா" என்று ஒன்று கூடவே வரும், விழுங்குவேன். கடைசியில் சொன்னேன். "நீ அடுப்புக்கு முன்னால நின்னுனு இருந்த. எனுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வீசினேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "தெரியும்" என்றாள். தையல் பிரித்த இடத்தை விரலால் ஒரு தடவை தடவிக்கொண்டாள். பிறகு பேனாவைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து இதையெல்லாம் எழுதினாள்.

அந்த "ஏன்னா" இன்னும் என்னிடம் அப்படியே பாதியில் நிற்கிறது. ஈக்கு ஏன் அப்படி, எனக்கு ஏன் இப்படி என்பதைப் படித்தவர்கள் யாராவது கண்டுபிடித்துக்கொள்ளட்டும். சமையலறை வாசலில் நின்று நீங்கள் சொன்ன அந்த நாலு சொல்லைத்தான் நான் எடுத்து வந்திருக்கிறேன். ஒக்கலிபுரத்திலும் ஒருவனுக்கு அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஏழுமலை